வலி எத்தனை? நீங்கள்தான் சொல்ல வேண்டும்

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே லயத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா. வயது 46. கொழுந்து எடுக்கும் வேலை. அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மலை இறங்கிப் பல மணி நேரம் பயணம் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது.

அன்று இரவு கட்டிலுக்கு நர்ஸ் வருகிறார். சின்னப் பெண். தெற்கே எங்கோ அவர் ஊர். தமிழ் தெரியாது.

"சேச்சி, வேதனயுண்டோ?" என்று கேட்கிறார்.

அக்கா யோசிக்கிறார். வேதனையா? எதற்கு வேதனை? கட்டியை எடுத்தாயிற்று. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். மனதில் ஒரு குறையும் இல்லை.

"இல்லைம்மா" என்கிறார்.

நர்ஸ் சீட்டில் வலி இல்லை என்று எழுதுகிறார். அடுத்த கட்டிலுக்குப் போய் விடுகிறார்.

ஆனால் அக்காவுக்கு வயிறு விண் விண் என்று தெறிக்கிறது. அசைந்தால் உயிர் போகிறது. அதனால் அசையாமல் படுத்திருக்கிறார். மூச்சை இழுத்து விடப் பயம். மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். இருமல் வந்தால் பல்லைக் கடித்து அடக்குகிறார். இரண்டு நாள் இப்படியே போகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் வருகிறது. டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார். நெஞ்சில் சளி கட்டி விட்டது. ஐந்து நாளில் வீடு திரும்ப வேண்டியவர் பத்து நாள் படுக்கையில் இருக்கிறார்.

தப்பு யார் மேல்? நர்ஸ் கேட்கத்தான் செய்தார். அக்காவும் பொய் சொல்லவில்லை. இடையில் ஒரு சொல் தடுக்கி விட்டது.

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் வேதனை என்றால் பெரும்பாலும் மனவேதனை. மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. தலைவேதன என்றால் தலைவலி. வயறுவேதன என்றால் வயிற்றுவலி.

நம்முடைய வலி என்ற சொல் அங்கே வேறு பொருள் தரும். மலையாளத்தில் வலிக்குக என்றால் இழுப்பது. புகவலி என்றால் பீடி, சிகரெட் பிடிப்பது. ஆஸ்துமாவில் வரும் இளைப்பை வலிவு என்பார்கள். ஆகவே ஒருவர் "நெஞ்சு வலிக்குது" என்று சொன்னால், தமிழ் அறியாத காதில் அது மூச்சு இளைப்பாகக்கூட விழலாம்.

இன்னொன்று. "குறவுண்டோ?" என்று கேட்பார்கள். வலி குறைந்திருக்கிறதா என்று பொருள். நம் ஆட்களுக்கு அது "குறை உண்டோ?" என்று கேட்கும். "குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லி வைப்பார்கள். வலி கொஞ்சமும் குறையவில்லை என்று நர்ஸ் நினைப்பார். நல்ல வேடிக்கைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் வேடிக்கைக்கு இடமில்லை.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி. இங்கெல்லாம் டாக்டர்களும் நர்சுகளும் தமிழ் கேட்டுப் பழகியவர்கள். இந்தக் குழப்பம் அதிகம் வராது. பெரிய ஆபரேஷன் என்றால் கோட்டயம், திருச்சூர் என்று தூரம் போக வேண்டி வருகிறது. அங்கேதான் சிக்கல்.

இரு மொழிக்கும் பொதுவான ஒரு சொல் இருக்கிறது. அது நோவு. நம் பாட்டிமார் "கால் நோவுது" என்பார்கள். மலையாளத்திலும் அது நோவுதான். "நோவுது சிஸ்டர்" என்று சொன்னால் யாருக்கும் புரியும். எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டுங்கள்.

எப்படி நோவுகிறது என்றும் சொல்லுங்கள். குத்துகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா, தெறிக்கிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, மரத்துப் போகிறதா? வலிக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. இந்தச் சொற்கள் டாக்டருக்குப் பயன்படும். எரிச்சலும் ஷாக் அடிப்பது போன்ற வலியும் நரம்பிலிருந்து வரலாம். இழுத்துப் பிடிப்பது தசையிலிருந்தோ குடலிலிருந்தோ வரலாம். மருந்தும் அதற்கு ஏற்ப மாறும். குத்தல், எரிச்சல், மரவிப்பு போன்ற சொற்கள் மலையாளத்திலும் ஏறக்குறைய அப்படியேதான்.

ஆபரேஷன் நடக்கும்போது வலி தெரியுமா?

ஒரு காலத்தில் தெரிந்தது. மயக்க மருந்து வருவதற்கு முன் நோயாளியை நான்கு பேர் அழுத்திப் பிடித்துக் கொள்வார்கள். சாராயம் கொடுப்பார்கள். அபின் கொடுப்பார்கள். டாக்டர் சில நிமிடங்களில் காலை அறுத்து எடுத்து விடுவார். வேகமாக அறுப்பவர்தான் நல்ல டாக்டர் என்று பெயர். வயிற்றைத் திறந்து நிதானமாக வேலை செய்வது அநேகமாக முடியாத காரியம்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு மாற்றம் வந்தது. வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் என்ற மருந்தின் ஆவியை மூச்சில் கொடுத்தார். பிறகு வாரன் என்ற டாக்டர் அந்த நோயாளியின் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. பார்த்துக் கொண்டிருந்த டாக்டர்கள் அசந்து போனார்கள். செய்தி கப்பலில் உலகம் சுற்றியது. அடுத்த ஆண்டே, 1847-இல், நம் நாட்டில் கல்கத்தாவில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள்.

இன்று ஆபரேஷனில் மயக்க மருந்துக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார். கத்தி பிடிக்கும் டாக்டரின் பெயர் நமக்கு ஞாபகம் இருக்கும். மயக்க மருந்து டாக்டரின் பெயரை யாரும் கேட்பதுகூட இல்லை. ஆனால் ஆபரேஷன் முடியும்வரை நம் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டிருப்பவர் அவர்தான்.

ஒரு விஷயம் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். தூங்க வைப்பது வேறு. வலியைத் தடுப்பது வேறு. ஆள் தூங்கினாலும் உடம்பு வலிக்குப் பதில் சொல்லும். தூங்கும் குழந்தையைக் கிள்ளினால் காலை இழுத்துக் கொள்கிறதல்லவா? அதைப் போல. ஆகவே தூக்கத்துக்கு ஒரு மருந்து. வலியைத் தடுக்க ஒரு மருந்து. வயிற்றுத் தசை இறுகாமல் தளர்ந்திருக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு மருந்து. மூன்றையும் அளந்து கொடுக்கிறார்கள்.

தூங்குகிறவர் "எனக்கு வலிக்குது" என்று சொல்ல முடியாது. பிறகு டாக்டருக்கு எப்படித் தெரியும்? உடம்பு சொல்லும். வலி இருந்தால் நாடி வேகமாக ஓடும். ஒரு நிமிடத்துக்கு 70 தடவை துடித்த இதயம் 110 தடவை துடிக்கும். பிரஷர் ஏறும். நெற்றி வியர்க்கும். மூடிய கண்ணிலிருந்து நீர் வழியும். இதையெல்லாம் டாக்டர் பார்த்துக் கொண்டே இருக்கிறார். தலைமாட்டில் டிவி போல ஒரு பெட்டி இருக்கும். அதில் கோடுகளும் எண்களும் ஓடும். இதயத் துடிப்பு, பிரஷர், மூச்சு எல்லாம் அதில் தெரியும். விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். கொரோனா காலத்தில் நம்மில் பலர் விரலை விட்டுப் பார்த்தோமே, அதே கருவிதான். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது காட்டும்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. ரத்தம் அதிகம் போனாலும் இதயம் வேகமாக ஓடும். அது வலியாலா, ரத்தம் போவதாலா? பிரித்துப் பார்ப்பது டாக்டரின் அனுபவம்.

எல்லா ஆபரேஷனுக்கும் முழு மயக்கம் தேவையில்லை. சிசேரியனுக்கும் கால் எலும்பு ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் முதுகில் ஊசி போடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். ஆள் விழித்திருப்பார். தொடுவதும் இழுப்பதும் லேசாகத் தெரியலாம். வலி தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். "டாக்டர் கோபிப்பார்" என்று பயப்பட வேண்டாம். நீங்கள் சொன்னால்தான் அவர் வேறு மருந்து கொடுக்க முடியும்.

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி" என்று ஊரில் சொல்வார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம். ஆயுசுக்கும் வரும் முதுகு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பிள்ளை சுமந்த வயிறு, குனிந்து பால் கொடுப்பது, தண்ணீர்க் குடம், மூட்டை. காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் சிலருக்கு இந்த ஊசிக்குப் பிறகு தலைவலி வரும். உட்கார்ந்தால் அதிகமாகும். படுத்தால் குறையும். 1898-இல் ஜெர்மனியில் இந்த முறையைத் தொடங்கிய பியர் என்ற டாக்டர் தன் மேலேயே சோதனை செய்து பார்த்தார். அவரும் இதே தலைவலியால் பல நாள் படுத்துக் கிடந்தார். இன்று ஊசி மிக மெல்லியது. தலைவலி வருவது குறைந்து விட்டது. வந்தாலும் வைத்தியம் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முன்னாடியே சொல்ல வேண்டியது

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து பல கேள்விகள் கேட்பார். சுகர் உண்டா? ஆஸ்துமா உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும்.

குடிப்பீர்களா என்றும் கேட்பார். இதில்தான் நம் ஆண்கள் பொய் சொல்கிறார்கள். பக்கத்தில் மனைவி நிற்பார், மகள் நிற்பாள். "எப்பவாவது" என்று சொல்லி விடுவார்கள். சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர் போனது. அங்கே டாக்டருக்கு இது புதிதல்ல. தினமும் நிறையக் குடிப்பவருக்கு மருந்தின் அளவு மாறலாம். அதோடு, திடீரென்று குடி நின்று போனால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், பிதற்றுவார், கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பார். இது தெரியாவிட்டால் வலியால் கத்துகிறார் என்று நினைத்து வேறு மருந்து கொடுக்க நேரிடும். ஆகவே டாக்டரிடம் தனியாகவாவது உண்மையைச் சொல்லி விடுங்கள்.

நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். "ஆபரேஷன் முடிஞ்ச பிறகு வலிக்கு என்ன கொடுப்பீங்க?" இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. கேட்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

பத்துக்கு எத்தனை?

நாடியை விரலால் பார்க்கலாம். காய்ச்சலைக் குழாயால் பார்க்கலாம். பிரஷருக்குக் கருவி இருக்கிறது. விழித்திருப்பவரின் வலியை அளக்க இதுபோல நம்பிக்கையான கருவி கிடையாது. வலிப்பவரின் வாய்ச் சொல்தான் அளவுகோல். அதனால் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். 0 முதல் 10 வரை எண்ணால் சொல்வது. வலியே இல்லை என்றால் 0. இதற்கு மேல் தாங்கவே முடியாது என்றால் 10.

மொழி தெரியாத இடத்தில் இந்த எண்தான் பெரிய உதவி. மலையாளத்தில் அஞ்ச், ஆற், ஏழ், எட்ட். நம் எண்ணும் அவர்கள் எண்ணும் பங்காளிகள். விரலை விரித்துக் காட்டினாலும் போதும்.

எண்ணை எப்போது சொல்வது? அசையாமல் படுத்திருக்கும்போது 2 இருக்கும். புரண்டால் 5 ஆகும். இருமினால் 8 ஆகும். "எவ்வளவு?" என்று கேட்டால் பலர் படுத்திருக்கும்போது உள்ள எண்ணை மட்டும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. "படுத்தா 2, இருமினா 8" என்று இரண்டையும் சொல்லுங்கள். டாக்டருக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்தான்.

இப்போது மறுபடியும் நம் மூணாறு அக்காவிடம் போவோம். நெஞ்சில் சளி கட்டிய பிறகு தங்கை துணைக்கு வருகிறாள். அவள் சாக்ஷரதா வகுப்பில் எழுதப் படித்தவள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். கடையில் ஒரு சின்ன நோட்டு வாங்கி வருகிறாள். அதில் இப்படி எழுதுகிறாள்:

காலை 6 மணி. ஊசி போட்டார்கள்.
7 மணி. படுத்தால் 1. இருமினால் 4.
பகல் 12 மணி. படுத்தால் 4. இருமினால் 8.
2 மணி. ஊசி.
3 மணி. இருமினால் 4. கொஞ்ச தூரம் நடந்தாள்.
இரவு 8 மணி. இருமினால் 8.
10 மணி. ஊசி.
விடிகாலை 4 மணி. படுத்தாலே 7. அழுதாள்.

காலையில் டாக்டர் சுற்றி வரும்போது தங்கை நோட்டை நீட்டுகிறாள். டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் மணியும் எண்ணும் தெரிகிறதே. அவர் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊசிக்கு இரண்டு மணி நேரம் முன்பே மருந்தின் வேகம் தீர்ந்து போகிறது. ஆறு மணிக்கு ஒரு தடவையாக மாற்றுகிறார். கூடவே இன்னொரு மாத்திரையும் எழுதுகிறார். இவ்வளவுதான் வேலை. அன்று இரவு அக்கா தூங்குகிறாள்.

"ராத்திரியெல்லாம் வலி டாக்டர்" என்று சொன்னால் அவர் தலையை ஆட்டி விட்டுப் போகலாம். எந்த நேரம், எத்தனை என்று எழுதிக் காட்டினால் மருந்தை மாற்றுவார். நீங்கள் எழுதக் கற்றது கையெழுத்துப் போட மட்டுமல்ல.

சின்னக் குழந்தைகளுக்கு எண் புரியாது. அவர்களுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை படம் வரைந்த அட்டை உண்டு. குழந்தை ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டும். பேச முடியாத வயதானவர்களை நாம்தான் கவனிக்க வேண்டும். முகம் சுளிக்கிறாரா? முனகுகிறாரா? தொட்டால் கையைத் தட்டி விடுகிறாரா?

ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது?

நாம் பொறுமையைப் பெருமையாக நினைப்பவர்கள். "பிள்ளை பெத்த உடம்பு, இதைத் தாங்காதா?" என்று மாமியார் சொல்வார். "ஆம்பளை அழலாமா?" என்று சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். அட்டைக் கடிக்கும் மழைக்கும் அசையாமல் நிறை எடுத்த பெண்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படியே கிடப்பார்கள். இந்தப் பெருமை ஆஸ்பத்திரியில் உதவாது என்பது என் எண்ணம்.

வலியால் மூச்சு மேலோட்டமாகும். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. இருமி வெளியே தள்ள வேண்டிய சளி அங்கேயே தங்கும். பிறகு காய்ச்சல், நிமோனியா. வலியால் காலை ஆட்டாமல் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வலி இருந்தால் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்காது. சிலருக்கு முதல் நாட்களில் அடங்காத வலி, புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நின்று விடுகிறது.

அதனால் வலி மருந்தின் நோக்கம் சுகமாகத் தூங்குவது மட்டுமல்ல. ஆழ்ந்து மூச்சு விட, இருமிச் சளியைத் துப்ப, எழுந்து நடக்க. முழுக்க 0 ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருமவும் நடக்கவும் முடிகிற அளவுக்கு இறங்கினால் போதும். இருமும்போது ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக் கொள்ளுங்கள். காசில்லாத வைத்தியம். நன்றாகவே உதவும்.

பலமான மருந்தும் பயமும்

பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே மருந்தை நிறையக் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று விதமான மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பாராசிட்டமால் ஒன்று. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் போன்றது இன்னொன்று. சில இடங்களில் முதுகில் மெல்லிய குழாய் வைத்து அதன் வழியாக மரத்துப் போகும் மருந்து விடுகிறார்கள். வலி கடுமையாக இருந்தால் மார்ஃபின் வகை மருந்து.

மார்ஃபின் என்றதும் வீட்டார் பயப்படுவார்கள். அது அபினிலிருந்து வருவது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மருந்துக்கான அபினை நம் நாட்டில் அரசு அனுமதியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மாநிலங்களில் பயிர் செய்கிறார்கள். உலகத்துக்கே அனுப்புகிறோம். ஆனால் 1985-இல் வந்த போதைப் பொருள் சட்டம் மிகவும் கடுமையாக இருந்தது. பல ஆஸ்பத்திரிகள் வம்பே வேண்டாம் என்று மார்ஃபின் வாங்குவதை விட்டு விட்டன. விளைகிற நாட்டிலேயே வலியில் துடிப்பவருக்கு மருந்து இல்லை.

இந்த நிலையை மாற்றியதில் கேரளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் வலிக்கென்றே ஒரு கிளினிக் தொடங்கினார்கள். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம். ஆர். ராஜகோபால். அவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் அறைக்குள் வலியை அடக்கத் தெரிந்தவர், வெளியே புற்றுநோய் வலியில் கிடப்பவர்களுக்காகவும் உழைத்தார். டாக்டர் சுரேஷ்குமாரும் கூட இருந்தார். ஊர் மக்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்து மூலம் வீட்டுக்கே வரும் பாலியேட்டிவ் நர்சுகளைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வழியில் வந்ததுதான். 2014-இல் சட்டமும் திருத்தப்பட்டு மார்ஃபின் கிடைப்பது கொஞ்சம் எளிதானது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மேற்பார்வையில் சில நாள் மார்ஃபின் கொடுப்பதால் எல்லோரும் அடிமையாகி விடுவதில்லை. அது மிகவும் அபூர்வம். அதே சமயம் விளையாட்டு மருந்தும் அல்ல. அமெரிக்காவில் 1995-இல் வலி சங்கத்தார் ஒரு கருத்தைச் சொன்னார்கள். நாடி, மூச்சு, காய்ச்சல், பிரஷர் என்ற நான்கோடு வலியையும் ஐந்தாவதாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் மருந்துக் கம்பெனிகளும் புகுந்து விளம்பரம் செய்தன. சின்ன வலிக்கும் இந்த மாத்திரைகளை வீட்டுக்கு வாரிக் கொடுத்தார்கள். பெரும் கேடு வந்தது. நம் நாட்டில் தட்டுப்பாடு. அங்கே அளவு மீறல். இரண்டும் தப்பு.

இந்த மருந்து கொடுக்கும்போது துணைக்கு இருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளி தூங்கலாம். ஆனால் கூப்பிட்டால் கண் திறக்க வேண்டும். கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 10-க்கும் குறைவாக இருக்கிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். குமட்டல், அரிப்பு, மலச்சிக்கல் வந்தாலும் சொல்லுங்கள். அதற்கு மாற்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு பித்தான் கொடுப்பார்கள். வலித்தால் நோயாளியே அழுத்திக் கொள்ளலாம். அளவு மீறாமல் கருவி பார்த்துக் கொள்ளும். அந்தப் பித்தானை நோயாளி மட்டும்தான் அழுத்த வேண்டும். "பாவம், தூங்குறார், நான் அழுத்தி விடுறேன்" என்று அன்பினால்கூட அழுத்தக் கூடாது.

வலி சொல்லும் சேதி

வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். 8 இருந்தது 6 ஆகி, 4 ஆகி, 2 ஆக வேண்டும். இறங்கி வந்த வலி திடீரென்று ஏறினால் உள்ளே ஏதோ சரியில்லை. வயிறு கல்லாக இறுகி உப்பினால், தையலில் சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி நோவெடுத்தால், நெஞ்சு அடைத்து மூச்சுத் திணறினால் பொறுத்திருக்கக் கூடாது.

தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல் மரத்து வெளுக்கிறது, விரலை லேசாக நீட்டினாலே அலறுகிறார் என்றால் உள்ளே தசை வீங்கி ரத்த ஓட்டம் அடைபடுகிறது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். விடியட்டும் என்று காத்திருந்தால் காலையே இழக்க நேரிடலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

மலைப் பாதையில் ஜீப்பில் போவது ஒரு சோதனை. ஒவ்வொரு வளைவிலும் தையல் இழுக்கும். டாக்டரிடம் கேட்டு, புறப்படுவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பே வலி மாத்திரையைச் சாப்பிட்டு விடுங்கள். தலையணையை மடியில் வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டில் டாக்டர் எழுதிய மாத்திரை போதும். கடையில் வேறு மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். டோலோ, கால்பால், குரோசின் என்று பெயர் பலவாக இருக்கும். உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமால். மூன்றையும் சாப்பிட்டால் மூன்று மடங்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் போனால் ஈரல் கெடும். மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையை நாளாக நாளாகத் தின்றால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். வெறும் வயிற்றில் வேண்டாம். மாத்திரை அட்டையின் பின்னால் மருந்தின் பெயர் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஆங்கிலம் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இன்று கோட்டயத்தில் ஆபரேஷன், நாளை அவசரத்துக்குத் தேனி ஆஸ்பத்திரி என்று எல்லையில் இருப்பவர்கள் போக வேண்டி வரும். கோயம்புத்தூருக்கு ஓடுகிற கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கும் இதேதான். என்ன ஆபரேஷன், என்ன மருந்து என்று அந்தச் சீட்டு சொல்லும். வலி எழுதிய நோட்டையும் கூடவே வையுங்கள்.

வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் பொதுவாக ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். கொழுந்து மூட்டை, ஏலக்காய்ச் சாக்கு, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு எல்லாம் பாரம்தான். எத்தனை வாரம் என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கித் தோட்டத்து ஆபீசில் கொடுங்கள். வாயால் சொன்னால் சூப்பர்வைசர் மறந்து விடுவார்.